முதுகைப் பார்த்து ஏமாறாதீங்க

எங்க கிணத்தடியில மத்தியானம் வெளிறிப்போய் ஒட்டியிருந்த மரத்தவளை, ராத்திரி காப்பிப்பொடி நிறத்துல இருந்துச்சு. வேற தவளைன்னே நினைச்சேன். முன்கால் விரல் ஒண்ணு நுனியில்லாம இருந்ததாலதான் அதே ஆள்னு பிடிபட்டுச்சு. தோல்ல இருக்கிற கருநிறமித் துகள் பரவினா கருக்கும், ஒடுங்கினா வெளுக்கும். அதனால நிறத்தை வச்சு இனம் சொல்லாதீங்க.

நம்ம வீட்டுப் பக்கம் அதிகம் வர்றது பாலிபீடேட்ஸ் மேக்குலேட்டஸ்ங்கிற மரத்தவளை இனம். விரல் நுனியில வட்டத் தட்டு இருக்கா? கண்ணுக்குப் பின்னால செவிப்பறை கிட்டத்தட்ட கண்ணளவுக்குப் பெருசா இருக்கா? ரெண்டும் சரின்னா, அசையாம காத்திருங்க. உட்கார்ந்திருக்கும்போது தொடையை மடிச்சு மறைச்சுக்கும். ஏற காலை நீட்டுற அந்த நொடியில பின்தொடையில கரும்பழுப்பு வலைக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள் தெரியும். முதுகு எப்படி மாறினாலும் அந்தப் பொட்டுகளைத் தேடுங்க. எனக்கு மூணு ராத்திரி ஆச்சு, கொசுக்கடிதான் மிச்சம்.

டார்ச்சுல சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கோங்க. கொசு மருந்து தடவின கையால தொடவே கூடாது, அதுக்குத் தோல் வழியாவும் மூச்சு. மழைக்கு அப்புறம் மரத்தைத் தட்டுற மாதிரி 'டக்-டக்-டக்'னு கேட்டா, தொட்டி ஓரத்துல நுரைக்கூடு இருக்கான்னு பாருங்க. சோப்பு நுரைன்னு கழுவிவிட்டுடாதீங்க, உள்ளே முட்டை இருக்கும்.