மனதிலுள்ள கடவுளின் முகத்தை அறிய

கோத்தகிரியில் மூடுபனி விலகுமுன் 15 நிமிடம் போதும். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், கடவுளைப் பற்றி ஓய்வுநாள் பாடசாலையில் படித்தது. வலப்பக்கம், நேற்று தப்பு செய்தபோது அவர் முகம் எப்படித் தோன்றியது: தேயிலை எடை குறைந்ததற்குக் கணக்குக் கேட்கும் கங்காணியா, காத்திருக்கும் அம்மாவா? வலப்பக்கம்தான் உங்கள் ஜெபத்தின் வேர். இரண்டிலும் ஒரே பதில் வந்தால், பாடம் ஒப்பிக்கிறீர்கள், திரும்ப எழுதுங்கள். பைபிளில் மத்தேயு 25-ல் எஜமானைக் கடினமானவர் என்று எண்ணிய ஊழியக்காரன் பயந்து, அவர் ஒப்படைத்த தாலந்தை, அதாவது பணத்தைப் புதைத்தான். பயம் கையைக் கட்டிவிடும்.

கங்காணி முகம் வந்தால் அழிக்கப் போராட வேண்டாம், அதைக் கடவுளிடமே சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் லூக்கா 15:20 மட்டும் வாசியுங்கள்: வீடு திரும்பும் மகனைக் கண்டு ஓடிவரும் தகப்பன். அப்பா என்ற சொல்லே வலிக்கிறதா? ஏசாயா 66:13 எடுங்கள். அங்கே கடவுள் தாய் தேற்றுவதுபோல் தேற்றுகிறார். தினம் ஒரு வசனம் மாற்றினால் எதுவும் பதியாது. எட்டாம் நாள் வலப்பக்கத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள்.