குட்டி ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள்

ஆங்கிலத்தில் நம்மைத் திணறடிப்பவை நீளமான சொற்கள் அல்ல. 'கெட்', 'செட்', 'ரன்' மாதிரியான பொடிச் சொற்கள்தான். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் இருக்கின்றன. இதை யார் மனப்பாடம் செய்வது?

செய்யவே வேண்டாம். தமிழில் வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், கண்ணும் அடிக்கிறோம். 'அடி'க்கு இத்தனை பொருள் என்று பட்டியல் போட்டா படித்தோம்? பக்கத்துச் சொல்லோடு சேர்த்தே பழகினோம். ஆங்கிலத்துக்கும் அதே வழிதான்.

நோட்டில் 'ரன் என்றால் ஓடு' என்று எழுதாதீர்கள். 'ரன் எ பிசினஸ்' என்றால் தொழில் நடத்துவது, 'ரன்னிங் நோஸ்' என்றால் மூக்கு ஒழுகுவது, 'ரன் அவுட் ஆஃப் டைம்' என்றால் நேரம் தீர்ந்துபோவது என்று தொடராகவே எழுதுங்கள். அகராதியிலும் பொருளுக்கு முன் உதாரண வாக்கியத்தைப் பாருங்கள். (நான் பல வருடம் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.)

அப்புறம், பின்னால் ஒட்டும் 'ஆஃப்', 'அப்' போன்றவற்றை மட்டும் நம்பிப் பொருளை ஊகிக்காதீர்கள். 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால்? அலாரம் நிற்கவில்லை, அடிக்க ஆரம்பித்துவிட்டது!