முதலில் நட்டு, அப்புறம் ஜாக்கி

முதல் தடவை டயர் மாற்றியபோது, எடுத்த எடுப்பில் ஜாக்கியைப் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டேன். ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் நட்டு அசையவில்லை, சக்கரம்தான் சுற்றியது. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தேன். ஆனால் பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். கியரோ நியூட்ரலில் கிடந்தது. ஓங்கி அமுக்கியதில் கார் ஜாக்கியோடு சேர்ந்து ஆட, உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா சத்தம் போட்டார்.

ஆகவே, ஓட்டும்போது டயர் பஞ்சராகி வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பிரேக்கைச் சட்டென மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெல்ல ஓரங்கட்டுங்கள். கெட்டியான சமதரை கிடைக்கும்வரை ஊர்ந்தே போகலாம். டயரும் ரிம்மும் வீணானாலும் போகட்டும், வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியரையும் போடுங்கள். எல்லோரும் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அம்மா உட்பட. முக்கோணப் பலகையைக் காருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். பஞ்சரான சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

இப்போது நட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். என் கைக்கு அது வருவதே இல்லை. ஸ்பேனரின் பிடி இடப்பக்கம் நீட்டியிருக்கும்படி மாட்டி, அதன் நுனியில் பாதத்தை வைத்து உடம்பின் பாரத்தை மெதுவாக இறக்குவேன். குதிக்கக் கூடாது, ஸ்பேனர் நழுவினால் முழங்கால் போய்விடும். 'கிரீச்' என்று சத்தம் வந்தால் நட்டு இளகிவிட்டது.

ஜாக்கியை, கதவுக்கு அடியில் விளிம்புத் தகட்டில் சக்கரத்தை ஒட்டிக் குறியிட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும். வேறெங்கு வைத்தாலும் தகடு நசுங்கும். டயர் தரையை விட்டதும் நிறுத்திவிடாதீர்கள், காற்றுள்ள டயர் நுழைய இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சரிந்தால் அது தாங்கும். காருக்கு அடியில் கையைக் காலை நீட்டவே வேண்டாம்.

நட்டுகளைக் கழற்றிப் பஞ்சரான சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டி, நட்டின் கூம்பிய பக்கம் உள்நோக்கி இருக்கும்படி கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, காரை இறக்கிய பிறகு மறுபடி பலமாக இறுக்குங்கள். சுமார் 50 கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை சரிபார்த்துவிடுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது தடவை இதையெல்லாம் வரிசை தவறாமல் செய்தேன். ஜாக்கியை இறக்கினால் ஸ்டெப்னி சப்பையாக உட்கார்ந்தது. இரண்டு வருடமாக அதற்குக் காற்றே பார்த்திருக்கவில்லை.