பழைய உருவப்படப் புத்தகம் வாங்குமுன் படங்களை எண்ணுங்கள்

அரசர்கள், தளபதிகள், கவிஞர்கள் என்று அந்தக் காலத்துப் பெரியமனிதர்களின் முகங்களைத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தோல் பைண்டிங்கிலும் முதுகிலுள்ள தங்க எழுத்திலும்தான் மயங்குகிறார்கள். பைண்டிங் நன்றாக இருந்தால் சந்தோஷம். ஆனால் இந்த வகைப் புத்தகத்தின் மதிப்பு, உள்ளே இன்னும் எத்தனை முகங்கள் மிச்சம் என்பதில் இருக்கிறது.

தொடங்குவதற்கு எட்மண்ட் லாட்ஜ் தொகுத்த பிரிட்டிஷ் பிரமுகர்களின் உருவப்பட வரிசை நல்ல தேர்வு. 1814 முதல் 1834 வரை பெரிய அளவில் பகுதி பகுதியாக வந்தது; கைக்கு அடக்கமான பதிப்புகளும் உண்டு, அவற்றைத் தேடுங்கள். ஹௌப்ராக்கனும் வெர்ட்யூவும் செதுக்கி, தாமஸ் பர்ச்சின் குறிப்புகளோடு 1743இல் வரத் தொடங்கிய தொகுப்பு இதைவிடக் கம்பீரமானது. கண் கொஞ்சம் பழகியபிறகு அதைத் தொடலாம்.

புத்தகம் கைக்கு வந்ததும் முதல் வேலை எண்ணுவது. படப் பட்டியல் இருந்தால் அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் பெரிய நூலகம் ஒன்றின் அட்டவணையில் அதே பதிப்புக்கு எத்தனை படம் என்று பாருங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்து வரலாற்று மனிதர்களைப் பற்றி ஒரு நூல் போட்டார், அதற்குப்பின் மற்ற புத்தகங்களிலிருந்து உருவப்படங்களை வெட்டியெடுத்துத் தங்கள் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வது பலருக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. அப்புறம் படங்களைத் தனித்தனியாகப் பிரேம் போட்டு விற்பவர்களும் வந்தார்கள். தையலோரம் வெட்டிய தாளின் விளிம்பு தெரிகிறதா? எதிர்ப்பக்கத்தில் ஒரு முகத்தின் பழுப்பு நிழல் விழுந்திருக்க, முகத்தை மட்டும் காணோமா? அங்கே படம் போய்விட்டது.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். செதுக்குப் படத்தில் கோடுகள் தடித்தும் மெலிந்தும் ஓடும். சில படங்களில், முக்கியமாகக் கன்னத்திலும் நெற்றியிலும், புள்ளிகள்கூட இருக்கும், பயப்படாதீர்கள், அது கையால் வைத்த புள்ளி, ஒழுங்கற்றுக் கிடக்கும். வலை விரித்தமாதிரி வரிசை பிசகாத புள்ளிகள் என்றால்தான் பிற்காலப் புகைப்பட அச்சு. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளமும் தெரியலாம், ஆனால் பைண்டர் ஓரத்தை நறுக்கியிருந்தால் அது போயிருக்கும், அதனால் பள்ளம் இல்லை என்பதற்காகவே போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். வழக்கமாக இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர். பிரிட்டனில் 1735இல் வந்த சட்டத்துக்குப்பின், பதிப்புரிமை கோர வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதி தகட்டுக்குரியது; அதே தகட்டை வைத்துப் பல வருடம் கழித்தும் அச்சடித்திருக்கலாம். செம்புத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், தேய்ந்த தகட்டில் உடையின் கறுப்பும் முகத்தின் நிழலும் சாம்பலாக வெளுத்திருக்கும். 1820களில் பரவிய எஃகுத் தகடு பல ஆயிரம் பிரதிகள் தாங்கும், ஆனால் என் கண்ணுக்கு அதன் கோடுகள் கொஞ்சம் குளிர்ச்சியானவை.

ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, முகத்தில் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வீட்டில் வெளுக்க முயல வேண்டாம். பூஞ்சை வாடை அடித்தால் வாங்கவே வேண்டாம், மற்ற புத்தகங்களுக்கும் பரவும். வாங்கியதை வெயில் படாமல் வையுங்கள், மிகப் பெரியவற்றைப் படுக்கவைப்பது நல்லது. செலோடேப் கூடாது, குறிப்பெழுத மெல்லிய பென்சில் போதும்.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் முகப்புத்தாள், படப் பட்டியல், இரண்டு மூன்று படங்களின் நெருக்கமான புகைப்படம், இவற்றோடு படங்களின் எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். எண்ணிச் சொல்ல மறுக்கிறவரிடம் தனிப்படத்துக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.