சோர்ந்து கிடக்கும் கோழிக்குஞ்சுக்கு முதலில் தீனி வேண்டாம்

மழையில் நனைந்து ஒரு குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நின்றால், வாயைப் பிளந்து எதையாவது ஊட்டத்தான் நமக்குக் கை பரபரக்கும். நானும் அப்படித்தான் ஒரு ஸ்பூன் தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றினேன், அது மூச்சுக்குழாயில் இறங்கி, குஞ்சு கையிலேயே போய்விட்டது. வரிசை இதுதான்: சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில் தீனி. உடம்பு சில்லிட்டுக் கிடக்கும்போது உள்ளே போகும் தீனி செரிக்காது.

முதலில் குஞ்சைத் துணியால் துவட்டி, மற்றதுகளிடமிருந்து பிரித்து ஓர் அட்டைப்பெட்டியில் விடுங்கள். அடியில் வெறும் நியூஸ்பேப்பர் போடாதீர்கள், வழுக்கிக் கால் இரண்டும் அகண்டுவிடும்; பழைய துணியோ சாக்கோ போதும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்க விடுங்கள், அட்டையிலோ துணியிலோ படக்கூடாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் தேவை. தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சையே பாருங்கள்: பல்புக்கு அடியில் ஒடுங்கிக் கீச்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது, வாயைத் திறந்து இறக்கையை விரித்துத் தள்ளிப் போனால் சூடு அதிகம்.

தொட்டால் கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இப்போது வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சர்க்கரை கலந்து, ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே நக்கிக் குடிக்கும். சிந்தியதை உடனே துடையுங்கள், எறும்பு வந்தால் நோயைவிட அதுதான் எமன். தண்ணீர்த் தட்டில் நாலு கோலிக்குண்டு போட்டுவிட்டால் விழுந்து மூழ்காது.

அப்புறம் பின்பக்கம் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றி ஊறவைத்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

நின்று கொத்த ஆரம்பித்ததும் அவித்த மஞ்சள் கருவை உதிர்த்துப் போடலாம், கூடவே நொய். பொரித்து இரண்டு நாள்கூட ஆகாத குஞ்சு தின்னவில்லையே என்று பதற வேண்டாம், முட்டையின் மஞ்சள் கரு அதன் வயிற்றில் இன்னும் மிச்சம் இருக்கும்.

எச்சத்தில் ரத்தம் வந்தாலோ, கழுத்து திருகிக்கொண்டாலோ, பச்சையாகக் கழிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து உண்டு. கழுத்து திருகுவதும் பச்சையாகக் கழிவதும் வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம்; அது வந்துவிட்டால் குணமாக்கும் மருந்து கிடையாது, அதனால்தான் நன்றாக இருக்கும் குஞ்சுகளுக்கு 7ஆம் நாளிலேயே தடுப்புச் சொட்டு மருந்து விடுகிறார்கள்.

தேறிய குஞ்சைப் பகலில் தாயிடம் விட்டால் சில கோழிகள் கொத்தி விரட்டும். ராத்திரி இருட்டில் மெதுவாக இறக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள், காலையில் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாக வெளியே வரும்.