டிஎன்ஏ சுருளில் பலரும் செய்யும் தவறுகள்

கல்லூரியில் படித்தபோது ஒரு கண்காட்சிக்காகக் கம்பியும் தெர்மாகோல் உருண்டைகளும் வைத்து டிஎன்ஏ மாதிரி ஒன்று செய்தேன். மூன்று நாள் வேலை. சுற்றிப் பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இடப்பக்கமா முறுக்கிட்டியேப்பா" என்றார். உருண்டைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதில்லை. அறிவியல் இதழ்களின் அட்டைகள், மருந்து விளம்பரங்கள் என்று எங்கே பார்த்தாலும் தப்பாக முறுக்கிய டிஎன்ஏ கண்ணில் படும். டிஎன்ஏ சுருள் ஏ, பி, இசட் என்று சில வடிவங்களில் வரும். நம் செல்களில் பெரும்பாலும் இருக்கும் பி வடிவம் வலப்பக்கச் சுருள். சரிபார்ப்பது எளிது: சுருளை நிமிர்த்தி வைத்து, நம் பக்கம் இருக்கும் இழையை மட்டும் பாருங்கள். அது இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறினால் வலப்பக்கச் சுருள். "தலைகீழாகப் பிடித்தால் மாறிவிடாதா?" என்று கேட்பவர்கள் ஒரு ஸ்குரூவைக் கவிழ்த்துப் பார்க்கலாம், மரை மாறாது. மாறுவது கணினியில் படத்தை இடவலமாகப் புரட்டும்போதுதான். பக்க வடிவமைப்புக்கு அழகாக இருக்கிறதென்று யாராவது புரட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் கதை.

இடப்பக்கச் சுருளும் உண்டே என்றால், உண்டு. அதுதான் இசட் வடிவம். அதன் முதுகெலும்பு, அதாவது சர்க்கரையும் பாஸ்பேட்டும் கோத்த வெளிச்சட்டம், வளைந்து ஓடாமல் ஒடிந்து ஒடிந்து ஓடுவதால், அந்த ஒடிசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் (zigzag) முதலெழுத்தைப் பெயராக வைத்தார்கள். (நூற்பாலைக்காரர்கள் கவனிக்க: நூலில் இசட் முறுக்கு என்றால் வலப்பக்க முறுக்கு. டிஎன்ஏவில் நேர் எதிர்.)

இங்கேதான் அடுத்த தவறு. பி வடிவத்தைக் கண்ணாடியில் பார்த்தால் இசட் வடிவம் என்று நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். அப்படியில்லை. கண்ணாடிப் பிம்பமாக வேண்டுமானால் ஒவ்வொரு டீஆக்சிரைபோஸ் சர்க்கரையும் தன் பிம்பமாக மாற வேண்டும்; இயற்கை டிஎன்ஏவில் அது நடப்பதில்லை. இசட் வடிவத்திலும் அதே சர்க்கரைதான், அதே மூலக்கூறுதான். டிஎன்ஏவின் காரங்களில் ஒன்றான குவானைன் தன் சர்க்கரையின் மேல் கவிழ்ந்து உட்கார்கிறது. அதன் ஜோடிக் காரமான சைட்டோசின் வழக்கம்போலவே இருக்கிறது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று நிலை மாறுவதால்தான் அந்த ஒடிசல். ஆகவே இதில் திரும்பத் திரும்ப வரும் அலகு ஒரு கார இணை (எதிரெதிர் இழைகளின் காரங்கள் சேர்ந்த ஜோடி) அல்ல, இரண்டு. ஒரு சுற்றுக்கு 12 இணைகள், அதாவது ஆறு அலகுகள். குவானைனும் சைட்டோசினும் மாறி மாறி வரும் பகுதிகள்தான் இந்த வடிவத்துக்கு எளிதில் இணங்கும்.

"அது ஆய்வகத்து வேடிக்கை" என்று ஒதுக்குவதும் சரியில்லை. 1972இல் ஃபிரிட்ஸ் போல், தாமஸ் ஜோவின் என்ற இரு ஆய்வாளர்கள் உப்பு மிகுந்த கரைசலில் டிஎன்ஏவின் ஒளி நிறமாலை தலைகீழாவதைக் கண்டார்கள். 1979இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழு ஆறு இணை நீளமுள்ள டிஎன்ஏ துண்டின் படிகத்தை ஆராய்ந்து, அது இடப்பக்கச் சுருள் என்று காட்டியது. பி வடிவத்தின் முழுச் சுற்று ஒன்றை அணு அளவில் காட்டிய படிகம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்! செல்லுக்குள் அவ்வளவு உப்பு இல்லைதான். ஆனால் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதி டிஎன்ஏவைப் பிரித்துக்கொண்டே முன்னேறும்போது, அதன் பின்பக்கம் முறுக்குத் தளர்ந்து ஒரு முறுக்குவிசை உண்டாகிறது. அந்த முறுக்குவிசையே சில இடங்களை இசட் வடிவத்துக்குத் திருப்பிவிடும். இந்த வடிவத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள் நம் உடலிலேயே இருக்கின்றன.

ஏ வடிவத்துக்கு வருவோம். ஏ என்றால் அடினைன் (இன்னொரு காரம்) என்று நினைத்து விடைத்தாளில் எழுதுபவர்கள் உண்டு. பெயருக்கும் அடினைனுக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் அடினைன்கள் வரிசையாக வரும் பகுதி ஏ வடிவத்துக்கு மாறவே முரண்டு பிடிக்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் டிஎன்ஏ நாரைச் சுற்றியிருந்த காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஈரப்பதம் சுமார் 75 சதவீதமாக இருக்கும்போது ஒரு வடிவம், 90 சதவீதத்துக்கு மேல் போனால் இன்னொன்று. முன்னதற்கு ஏ, பின்னதற்கு பி என்று பெயரிட்டார்கள். ஈரம் ஏறியதும் நாரே கண்முன் நீண்டது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது: ஏ வடிவத்தில் ஒரு கார இணைக்கும் அடுத்ததற்கும் உள்ள உயரம் சுமார் 0.26 நானோமீட்டர், பி வடிவத்தில் 0.34. அதே டிஎன்ஏ குட்டையும் தடிமனுமாக இருந்தது, நெட்டையும் ஒல்லியுமாக ஆகிறது. ஏ வடிவத்தை உச்சியிலிருந்து பார்த்தால் நடுவில் ஓட்டை தெரியும்; கார இணைகள் சாய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதால் அப்படி.

1952 மே மாதம் எடுத்த புகழ்பெற்ற 51ஆம் எண் எக்ஸ்-கதிர்ப் படம் பி வடிவத்தினுடையது. ஏ வடிவம் அப்படி எளிதில் பிடிகொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 18 அன்று, படிக வடிவ (அதாவது ஏ வடிவ) டிஎன்ஏ சுருள் காலமாகிவிட்டது என்று ஃபிராங்க்ளினும் காஸ்லிங்கும் கிண்டலாக ஒரு மரண அறிவிப்பு அட்டையே எழுதினார்கள். கடைசியில் ஏ வடிவமும் சுருள்தான் என்று தெரிந்தது. ஃபிராங்க்ளினுக்கே சறுக்கியது என்றால், தேர்வறையில் குழம்புபவர்களை ரொம்பத் திட்ட முடியாது.

ஏ வடிவம் உலர்ந்த நாரில் மட்டும்தான் என்பதும் பிழை. ஆர்என்ஏ இரட்டை இழையானால் ஏ வடிவத்தையே எடுக்கும். அதன் சர்க்கரையில் கூடுதலாக உள்ள ஓர் ஆக்சிஜன் பி வடிவத்துக்கு இடம்கொடாது. டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் இணைந்த கலப்பு இழையும் ஏறத்தாழ அப்படித்தான்.

எண்களில் ஒரு சின்னக் குழப்பம். பி வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 10 இணைகள் என்று பாடநூல் சொல்லும், வேறு நூல்கள் 10.5 என்னும். முதலாவது நாரில் அளந்தது, இரண்டாவது கரைசலில் கிடைத்தது. தேர்வுக்கு உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், சண்டை வேண்டாம். ஏ வடிவத்துக்கு 11.

வரைபவர்களுக்கு இன்னொன்று. முறுக்கிய ஏணி மாதிரி இரண்டு இழைகளையும் சம இடைவெளியில் வரைவதுதான் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். பி வடிவத்தில் இரு இழைகளுக்கும் இடையே சுற்றிவரும் பள்ளங்கள் சமமல்ல: ஒன்று சுமார் 2.2 நானோமீட்டர் அகலம், மற்றது 1.2. ஒரு கார இணையின் இரு சர்க்கரைகளும் நேரெதிரே இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருப்பதால் வருவது இது. மரபணுவை இயக்கும் பல புரதங்கள் பெரிய பள்ளத்தில் விரல் நுழைத்துத்தான் கார வரிசையை வாசிக்கின்றன. சமமாக வரைந்தால் அவை எங்கே நுழைகின்றன என்று மாணவருக்குக் காட்டவே முடியாது. என் இரண்டாவது மாதிரியில் முறுக்கு சரியாக வந்தது, பள்ளங்கள் சமமாகவே இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.