ஆம்பை அணைப்பதா, ஓடவிடுவதா? இரண்டு பக்கமும் நடக்கும் தவறுகள்

“ஆம்ப்ளிஃபயரை அணைக்கவே கூடாது, சூடாக இருந்தால்தான் நன்றாகப் பாடும்” என்பார் ஒருவர். “கேட்டு முடித்ததும் பிளக்கையே பிடுங்கிவிடு” என்பார் இன்னொருவர். அலமாரியில் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே விதியைப் போடுகிறார்கள் பாருங்கள், இருவரும் சறுக்குவது அங்கேதான். இணையப் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமருக்குப் பொருந்துவது, சூடாகும் கண்ணாடிக் குழாய்களால் (அவைதான் வால்வு) ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்புக்கு ஆகாது.

அணைக்காதே என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. 1944-இல், எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஓடத் தொடங்கிய கொலோசஸ் கணினியில் சுமார் 1,600 வால்வுகள். இத்தனை வால்வு இருந்தால் தினம் ஒன்று போய்க்கொண்டே இருக்குமே என்று பலர் தயங்கினார்கள். அதைக் கட்டிய டாமி ஃபிளவர்ஸ் தொலைபேசி நிலையக் கருவிகளோடு பழகியவர். போட்டுப் போட்டு அணைப்பதுதான் வால்வைக் கொல்கிறது, விட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதை அணைக்காமலே வைத்தார்கள்.

ஆனால் அது இரவுபகலாக வேலை செய்த இயந்திரம். உங்கள் ஆம்ப் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பாடுமா? வருடத்துக்கு 1,095 மணி நேரம். அணைக்காமல் விட்டால் 8,760. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளின் ஆயுளே சில ஆயிரம் மணி நேரம்தான். ஆளில்லாத அறையில் அதை எரித்துத் தீர்ப்பதில் என்ன லாபம்? ‘ஸ்டாண்ட்பை’ சுவிட்சில் போட்டுவிட்டு நாள் கணக்கில் மறந்துபோவதும் அதே கதைதான். உயர் மின்னழுத்தம் இல்லாமல், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தால், எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடு மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். இடைவேளைக்கு ஸ்டாண்ட்பை போதும், இரவுக்கு ஆஃப்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் வால்வு இல்லை, ஆனால் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருக்கிறது. பலர் கணக்கிலேயே எடுக்காத பாகம் இது. உறையில் ‘105 டிகிரி, 2,000 மணி நேரம்’ என்பது போலக் குறித்திருப்பார்கள், அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் தாங்கும் என்று பொருள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். அணைக்காமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். தினம் மூன்று மணி நேரம் என்றால் காகிதத்தில் இருபத்தொன்பது வருடம். நான் வருடக்கணக்காக அணைக்காமல் வைத்திருந்த ஒரு சப்வூஃபர் (உள்ளேயே ஆம்ப் உள்ள, அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒருநாள் உறுமத் தொடங்கியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்றின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மூடிய மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆம்ப், சூடு எங்கே போகும்?

“அப்படியானால் சூடேறாமல் கேட்பதா?” என்பீர்கள். சூடேறட்டும், அதற்கு அரை மணி நேரம் போதும். ஏ, ஏபி, டி என்பவை ஆம்ப்களின் சுற்று வகைகள்; ஏபி வகுப்பு ஆம்பில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஒரு நிலைக்கு வந்து, பாட்டில்லாதபோதும் ஓடும் பயாஸ் மின்னோட்டம் அமைதியாக அவ்வளவுதான் ஆகும். முதல் நாள் இரவிலிருந்தே ஓடவிட வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் ஆம்பை வருடம் முழுக்க அணைக்காவிட்டால் 438 யூனிட். ஏ வகுப்பு ஆம்ப் இன்னும் மோசம், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே மின்சாரம்தான். 200 வாட் என்றால் 1,752 யூனிட். அது ஆம்ப் வேலையும் செய்யும் ஹீட்டர். டி வகுப்பு ஆம்ப், டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் டாக், ஸ்ட்ரீமர் எல்லாம் சில வாட்டோடு நின்றுவிடும். இவற்றை விட்டுவைத்தால் குடிமுழுகாது.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால், பெட்டியை அணைக்காமல் பாட்டை மட்டும் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மேல்மூடியில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் இருக்கட்டும். கையை எடுக்கத் தோன்றினால் அணையுங்கள். அதன் தலையில் இன்னொரு பெட்டியை ஏற்றி வைத்திருந்தால் அதையும் இறக்குங்கள்.

ரிமோட்டில் அணைத்துவிட்டால் ஆஃப் என்று நினைப்பதும் தவறு. அது மின்சாரம் முழுதாக நிற்காத ஸ்டாண்ட்பை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சாதாரண ஸ்டாண்ட்பைக்கு அரை வாட், திரையில் நேரம் போல ஏதாவது காட்டினால் ஒரு வாட் என்று வரம்பு வைத்தது. அந்த அளவு என்றால் கவலையில்லை. ஆனால் அணைத்த பிறகும் டிவிக்குப் படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ வசதியும், நெட்வொர்க் வழியாக எழுப்பும் விழிப்பு வசதியும் போட்டிருந்தால் ரிசீவர் (டிவியோடு இணையும் ஆம்ப்) பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். தேவையில்லை என்றால் மெனுவில் அணைத்துவிடலாம்.

அணைக்கிறவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பும், அதற்கு முன்னால் ஒலி அளவைக் கவனிக்கும் ப்ரீஆம்பும் தனித்தனியாக இருந்தால், பவர் ஆம்பை எப்போதும் கடைசியில் போட்டு, முதலில் அணைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ப்ரீஆம்ப் விழிக்கும்போது வரும் அதிர்ச்சியைப் பவர் ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ‘டப்’ என்று ஸ்பீக்கரின் பெரிய கூம்பு (வூஃபர்) ஒருமுறை முன்னால் வந்துபோகும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஒரே சுவிட்சில் அடிப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழகியிருக்கும். அணைத்த கையோடு மறுபடி போடுவதும் வேண்டாம். பல ஆம்ப்களில் முதல் கணப் பாய்ச்சலைத் தடுக்க தெர்மிஸ்டர் என்ற சிறு தடுப்பு பாகம் இருக்கும்; குளிர்ந்திருந்தால்தான் அது தடுக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஆம்ப் ஓடும்போது, பெட்டிகளுக்கு இடையே ஒலியைக் கடத்தும் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கிச் செருகக் கூடாது. அதன் நடு ஊசிதான் முதலில் தொடும், எர்த் வளையம் பிறகுதான். அந்த இடைவெளியில் கிளம்பும் ‘ர்ர்ர்’ ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

இடி மின்னல் என்றால் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் இடி கேட்பதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள், கூடவே ஆண்டெனா ஒயரையும் நெட்வொர்க் கேபிளையும். அந்த இரண்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.